இரண்டு பம்ப்புகளும் என் மாமியாரும்

எங்கள் மொரிஸ் மைனரின் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. மேலே தட்டினால் புது பெட்ரோல் பம்ப் ஓடும். கீழே தட்டினால் பழையது. வீட்டு விளக்குக்குப் போடுகிற சாதாரண சுவிட்ச்தான், பூண்டுலோயாவில் உள்ள எங்கள் இரும்புக் கடையிலிருந்தே எடுத்தது. என் மாமியாரின் கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் வெள்ளை நிறம் மங்கிப்போயிருக்கிறது.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க வாரந்தோறும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. அவரால் பஸ்ஸில் போக முடியாது. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. அதுவரை அந்தக் காரின் பின்சீட்டில், எப்போது எது நின்றுவிடுமோ என்று விறைத்து உட்கார்ந்தே பழகியவர் என் மாமியார். ஒருநாளும் சாய்ந்ததில்லை. அவர்தான் ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். எனக்குச் சைக்கிள்கூட வராத காலம் அது.

பழைய பம்ப் ஏற்றங்களில் அடிக்கடி மக்கர் பண்ணியது. ஹட்டன் மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். வேனுக்குப் போடுகிற பம்ப் மலிவு, ஆனால் அது தள்ளுகிற வேகத்துக்குக் காப்ரேட்டர் பொங்கி வழியும். இந்த மாதிரிக் காருக்கென்றே வரும் புதுசு மெதுவாகத் தள்ளும், சத்தமே வராது. பழையதையும் பாகம் மாற்றிச் சரிசெய்யலாம்.

"எது வேணும்மா?"

"புதுசும் பழசும், ரெண்டும்."

மெக்கானிக் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க தம்பி. நடுரோட்டுல இவர வச்சிக்கிட்டு நான் யாரக் கூப்புடுறது?"

ஒன்று ஓடும்போது மற்றதன் வழியே பெட்ரோல் திரும்பாதபடி அடைப்பு வைத்து, இரண்டையும் பொருத்தினார். அன்றிலிருந்து மாமியாருக்கு ஒரு நியதி: போகும்போது புது பம்ப், வரும்போது பழையது. புதுசு நன்றாக ஓடும்போது எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"சும்மா வச்சிருந்தா அது தூங்கிரும்மா. வேணுங்கிற அன்னைக்கு எழுப்ப முடியாது."

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடியதால் ஆஸ்பத்திரி முறை ஒன்று தவறிப்போனது. பாதை திறந்ததும் புறப்பட்டோம். மாமாவின் உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அவரைத் தாங்கியபடி நான். தலவாக்கலை ஏற்றத்தில் கார் திணறி நின்றது. பின்னால் ஒரு லொறி விடாமல் ஹார்ன் அடித்தது. எனக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கட்டைவிரலால் சுவிட்சைக் கீழே தட்டினார். டக் டக் டக் என்று பழைய பம்ப் எழுந்துகொண்டது. காப்ரேட்டர் நிரம்பினால் அந்தச் சத்தம் மெல்லக் குறைந்து தானாக நிற்கும். அதுவரை அவர் ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை. தன் கணவருடைய மூச்சு பின்னால் இழுக்கிறது, லொறிக்காரன் கத்துகிறான், அந்த மனுஷி காது கொடுத்துக் காத்திருக்கிறார். நானாக இருந்தால் கண்டதையும் இழுத்துக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். சத்தம் நின்றது, இழுத்தார், கார் ஏறியது. மாமா அதற்குப் பிறகும் சில வருடங்கள் எங்களோடு இருந்தார்.

இப்போது ஓட்டுவது நான். இருதய நோய்க்கு மருந்து வாங்க மாமியாரை டிக்கோயாவுக்கு அழைத்துப் போகிறேன். பழைய பம்ப்பைக் கழற்றிவிடலாமே என்று என் கணவர் ஒருமுறை கேட்டார், நான் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டார். போன வாரம் திரும்பி வரப் புறப்படும்போது சுவிட்சைக் கீழே தட்டினேன். மாமியாருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டார்.

"சத்தம் வருதாம்மா?"

"வருது அத்தை," என்று உரக்கச் சொன்னேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, ஸ்டார்ட்டரை இழுத்தேன்.