கடைசி வரிசையில் அண்ணன்

மெல்பேர்னில் பக்கத்து வீட்டாருக்கு நம் வீட்டுச் சத்தம் பிடிக்கவில்லை என்றால் கதவைத் தட்ட மாட்டார்கள். கடிதம் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். போன மாதம், இரவில் ஒரு ஒலிப்பதிவைச் சத்தமாகப் போட்டுக் கேட்டதற்கு எனக்கும் ஒன்று வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த வீட்டு அம்மாள் என்னைவிடச் சங்கடப்பட்டார். "சத்தம்தான் அதிகம், கிட்டார் அருமை. யார் வாசிப்பது?" என்றார். என் தம்பி என்றேன். "அடுத்த கச்சேரிக்குச் சொல்லுங்கள், என் மகனையும் கூட்டிவருகிறேன்." தம்பி செத்துப்போனான் என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தம்பி குமரன் கண்டியில் ஒரு ரொக் இசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீட்டில் வளர்ந்தவன். நான் இங்கிருந்து கொண்டுபோய்க் கொடுத்த கிட்டாரைப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். போன வருடம் கண்டி நகர மண்டபம் ஒன்றில் அவர்களுடைய முதல் பெரிய கச்சேரி. கட்டாயம் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முதல் நாள் போன் எடுத்து, லீவு கிடைக்கவில்லை என்றேன். உண்மையில் நான் லீவு கேட்கவே இல்லை. புது மேலாளரிடம் கேட்கப் பயம். "பரவாயில்லண்ணே, அடுத்ததுக்கு வாங்க" என்றான். இரண்டு மாதத்தில் டெங்கு அவனைக் கொண்டுபோயிற்று.

குழுவில் டிரம்ஸ் அடிப்பவர் கெலிஓயா ரிஸ்வான். அன்றைய கச்சேரியின் ஒலிப்பதிவை இசை அல்பமாக வெளியிடுமுன் எனக்கு அனுப்பினார். நான்காவது பாட்டு முடிந்ததும் குமரன் மைக்கைப் பிடிக்கிறான். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேங்காய் கொடுத்தவர் முதல் பந்தல் கட்டியவர் வரை எல்லார் பெயரையும் மைக்கில் வாசிப்பார்கள். கொழும்பில், துபாயில் இருப்பவர் பெயரையும் விடமாட்டார்கள். ரொக் கச்சேரியில் இந்த மடையன் அதையே செய்கிறான்! லொறியில் வந்த தோட்டத்துச் சனங்களுக்கு நன்றி, ஸ்பீக்கர் தூக்கிய செல்வம் அண்ணனுக்கு நன்றி. பிறகு, "அவுஸ்திரேலியாவுல இருந்து இதுக்குன்னே வந்திருக்காரு எங்க அண்ணன். கடைசி வரிசையில நிக்கிறாரு. ஒரு தட்டு தட்டுங்க!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. லொறியில் வந்தவர்கள் அண்ணன்காரன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். என் மானத்தைக் காப்பாற்ற அவன் பொய் சொல்லியிருக்கிறான்.

ரிஸ்வான் போனில் கேட்டார். "ரெண்டு நிமிசம் வெறும் பேச்சுதான், அண்ணே. வெட்டட்டா? நீங்க சொல்லுங்க."

வெட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "நீங்க வரல்லன்னு ஒங்கட அம்மாவுக்குத் தெரியும். முன் வரிசையில இருந்தாங்க. மொதல்ல கை தட்டினது அவங்கதான்" என்றார்.

மறுபடி கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் தட்டுவதற்கு முன்னால் தனியாக ஒரு கைதட்டல் கேட்கிறது. கொழுந்து பறித்த கை. நான் அழுதுவிட்டேன். "இருக்கட்டும் ரிஸ்வான், ஒன்றையும் வெட்ட வேண்டாம்" என்றேன்.

அல்பம் வந்து மூன்று வாரமாகிறது. நேற்றுக் காலை கடுகண்ணாவையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் என்னைத் தேடிப்பிடித்து எழுதியிருந்தார்: 'அன்று கடைசி வரிசையில் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தம்பி பேசியபோது கண்ணைத் துடைத்தீர்கள். பேச்சுக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.'

யாரைப் பார்த்தாரோ, தெரியாது. 'ஆமாம், தம்பி அன்று நன்றாக வாசித்தான்' என்று பதில் போட்டுவிட்டு, வேலைக்கு ரயில் ஏறினேன்.