பிள்ளை எழுதி முடிக்கட்டும்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாளையங்கோட்டையில் ஆலயமும் ஜெபக்கூட்டமுமாக வளர்ந்தவள், நர்சிங் படித்துவிட்டு ஆம்புலன்சில் வேலைக்குச் சேர்ந்தவள், என் கையிலேயே எத்தனையோ உயிர் போயிருக்கிறது, ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரரைப் போல நீங்களும் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

பங்குனி மாதம், பரீட்சைக் காலம். எங்கள் வண்டி அப்போது முக்கூடலில் நிற்கும். காலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வந்தது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே ஒரு மலைக் குடியிருப்பில், தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அந்தப் பாதையில் எங்கள் வண்டி ஏறாது. அவர்கள் ஜீப்பில் அடிவாரச் சோதனைச்சாவடிவரை கொண்டுவருவார்கள், நாங்கள் அங்கே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் வழக்கம். ஜீப் கிளம்பியதா, ஆள் எப்படி இருக்கிறார் என்று போனில் விசாரித்துக்கொண்டே போவது என் வேலை. அதனால் தகவல் சொன்னவரின் நம்பருக்குக் கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். மெல்லிய குரல், லேசான கரகரப்பு, ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைப்பது போலப் பேசினாள். கடிபட்டவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நாந்தான் இருக்கேன் சிஸ்டர்."

கண் திறக்கிறதா என்று கேட்டேன், திறக்க முடியவில்லை என்றாள். மூச்சைப் பற்றிக் கேட்டதும், "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவரிடம் கேட்காமலே உடனே "வலி இல்லை" என்றாள். பதற்றத்தில் இருப்பவர்கள் அப்படிப் பேசுவதுண்டு, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், ஓட்டுநர் சுடலை அண்ணாச்சியும் எல்லாவற்றையும் கேட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக அவளாகவே பேசினாள். "பிள்ளைக்கு இன்னைக்குக் கணக்குப் பரீட்சை சிஸ்டர். ஆஸ்டலுக்குப் போன் பண்ணிச் சொல்லிராதீங்க. பிள்ளை எழுதி முடிக்கட்டும்."

அதோடு லைன் போய்விட்டது. அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

சோதனைச்சாவடியில் நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் ஜீப் இறங்கி வந்தது. பின்னால் ஒரு கம்பளியில் அந்தப் பெண், முப்பிடாதி என்று பெயர், கண் மூடி, தாடை தளர்ந்து, கையைத் தூக்கினால் துணி போல விழுகிறது. தலையை மடியில் வைத்தபடி அவள் புருஷன் இசக்கிமுத்து. ஓட்டி வந்தவரைச் சேர்த்தால் மூன்றே பேர். போனில் பேசிய அக்கா எங்கே, அவர்களையும் ஏறச் சொல்லுங்கள் என்றேன்.

இசக்கிமுத்து என்னைப் பார்த்து முழித்தார். தன் போனை இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். ஊருக்கு மேலே பாறையில் ஏறி நின்று ஒரு தடவை தகவல் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு சிக்னலே இல்லை, மணி அடிக்கவே இல்லை என்றார். கூட எந்தப் பெண்ணும் வரவில்லையாம். அந்தப் பாதையில் எந்தப் போனும் எடுக்காது என்று ஜீப்காரரும் சொன்னார். அப்படியென்றால் முப்பிடாதியக்காவா பேசினார்கள் என்று, கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டேன்.

"அவ எப்படிம்மா பேசுவா?" என்றார். விஷம் ஏறிக் கிடப்பதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசிக்க நேரமில்லை. அவளை எங்கள் வண்டிக்கு மாற்றிக் கிளம்பினோம், மூச்சுப் பையை முகத்தில் பொருத்தி அழுத்த ஆரம்பித்தேன். சிக்னல் வந்ததும் இசக்கிமுத்து ஆஸ்டலுக்குத்தான் கூப்பிடப் போனார். நான் தடுத்தேன். பிள்ளை எழுதி முடிக்கட்டும் என்றேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதார்.

கட்டுவிரியன் விஷத்தில் உடம்புதான் கட்டுப்படும், காதும் புத்தியும் விழித்துக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும். அதனால் அவள் காதருகே குனிந்து, "பிள்ளைக்குச் சொல்லல முப்பிடாதியக்கா, நல்லா எழுதட்டும்" என்றேன். மூடியிருந்த கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அம்பாசமுத்திரத்தில் விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே படுக்கை தயாராக வைக்கச் சொல்லிப் போன் செய்துகொண்டே போனோம். திருநெல்வேலியை ஒட்டிய பேட்டையைத் தாண்டும்போது நாடி நின்றது. நெஞ்சை அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் போனேன். டாக்டர்கள் வெகுநேரம் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.

சாயங்காலம் அந்தப் பிள்ளை வந்தாள், செல்வி, பன்னிரண்டாவது படிக்கிறவள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. ஆஸ்டல் வார்டன் கையைப் பிடித்திருந்தார்.

"சிஸ்டர், எங்கம்மை எங்கன இருக்கா?"

நம்பினால் நம்புங்கள், காலையில் போனில் நான் கேட்டது இதைத்தான். அதே குரல். அதே கரகரப்பு. பக்கத்தில் நின்ற சுடலை அண்ணாச்சி தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் எங்கே இருந்தாய், யாரிடமாவது போனில் பேசினாயா என்று கேட்டேன். பரீட்சை ஹாலில்தான் இருந்தாளாம், வார்டனும் அதையே சொன்னார்.

அம்மாவைப் பார்த்து அழுது ஓய்ந்த பிறகு அவளை உட்காரவைத்தேன். நீ எழுதி முடிக்க வேண்டும் என்பதுதான் உன் அம்மாவுக்குப் பெரிசாக இருந்தது, போனில் என்னிடம் அதைத்தான் சொன்னார்கள் என்றேன். அந்த நேரத்தில் அவளுக்கு அதையாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு, புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"அம்மைக்குக் காது நல்லாக் கேக்கும் சிஸ்டர். பேச்சுதான் பிறந்ததுல இருந்தே வராது. எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை பேசுனதில்ல."

வேறு யாரோ சொன்னதைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சமாளித்தேன். உண்மையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அம்மாவின் குரலை நான் கேட்டேன், நீ கேட்கவில்லை என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அந்தத் தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எப்போதாவது என்னைக் கூப்பிடுவாள். எடுத்ததும் "சிஸ்டர்" என்பாள். திரையில் அவள் பெயர்தான் இருக்கும், அது அவள்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யார் பேசுவது என்று கேட்டு, அவள் வாயால் பெயரைச் சொல்லும்வரைக்கும் எனக்குப் பதில் வருவதில்லை.