அண்ணனின் சதை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தொந்தி வைத்தவர் என் அண்ணன்தான். எலும்பும் தோலுமாகத் தோட்டத்தில் மாடாய் உழைத்த சனங்களுக்கு நடுவே, உக்குவளையில் கடை போட்டு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள். தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெரியம்மா அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போவார்.

"நல்லா சதை போட்டிருக்கப்பா. இப்பத்தான் பார்க்க லெச்சணமா இருக்க."

வாழ்ந்து காட்டியதற்கு எங்கள் சனங்களிடம் சதைதான் சாட்சி. நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

கால் வீங்கியது. அதையும் சதை என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டி, நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்த பிறகுதான் மாத்தளைக்கு டொக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் ஒளிக்காமல் சொன்னார். இத்தனை வருடம் இந்த உடம்புக்காக உழைத்து இதயம் களைத்துவிட்டது, இரத்தத்தைத் தள்ள அதனால் முடியவில்லை, காலில் இருப்பது தண்ணீர். நீர் இறங்க மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார்.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்து கன்னம் ஒட்டியது. அண்ணன் கட்டிலில் படுத்துத் தூங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் சொந்தக்காரர்கள் பார்க்க வந்துவிட்டார்கள்.

"என்னப்பா இப்புடி வாடிப் போயிட்ட? வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா?" என்று பெரியம்மா அண்ணியை வைத்துக்கொண்டே கேட்டார்.

அண்ணி கூனிக் குறுகிப் போனார். மறுநாளே மாத்திரை அலமாரிக்குள் போனது, கருவாட்டுக் குழம்பு அடுப்பில் ஏறியது.

"அந்த மருந்துதான் இவங்கள உருக்குது. கொஞ்சம் ஒடம்பு தேறட்டும், பொறகு குடுக்கிறேன்" என்றார் என்னிடம்.

சண்டை போட்டேன். அண்ணனே என்னை அடக்கினார். "நீ சும்மா இரு. அதக் குடிச்சா ஒன்னுக்குப் போயே பொழுது போயிருது. கடைய யாரு பார்க்கிறது?"

கன்னம் மறுபடி உப்பியது. பழைய ஆளாகிவிட்டார் என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த வாரமே கடையில் மூச்சுத் திணறி விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்துப் பெரியம்மா அழுதார். "நோயாளின்னு யாரு சொல்லுவா? எம்புள்ள மொகம் எவ்வளவு லெச்சணமா இருக்கு!"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அந்த அழுகைக்கு நடுவிலும் அந்தப் பாராட்டு அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.