எனக்காக இவர் சொன்ன பதில்

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்குப் போகும் நடையில் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு அப்பால் ஆண்களை விடமாட்டார்கள். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கணவரைப் பார்த்து, "பாபுஜி, நீங்க இங்கேயே நில்லுங்க" என்றாள்.

"இவளுக்கு ஹிந்தியில பேச வராது" என்றார் இவர்.

"வலிக்குதுன்னு சொல்ல எந்த பாஷை வேணும்?" என்றாள் அவள்.

கல்யாணமாகி டெல்லிக்கு வந்த பிறகு ஒரு டாக்டர் முன்னால் நான் தனியாகப் போய் உட்கார்ந்தது அன்றுதான்.

எனக்கு ஹிந்தி வராமல் இல்லை. காய்கறி வண்டிக்காரரோடு சண்டை போடும் அளவுக்கு வரும். ஆனால் இடுப்புக்குக் கீழே இருக்கும் எதற்கும் ஹிந்தியில் எனக்குச் சொல் தெரியாது. தமிழிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே, நான் தமிழில் இவரிடம் சொல்வேன், இவர் ஹிந்தியில் டாக்டரிடம் சொல்வார். அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அதுதான் வழக்கம். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் அது போதுமானதாக இருந்தது.

மாதவிடாய் நின்று சில வருஷங்கள் கழித்து இது ஆரம்பித்தது. முதலில் அரிப்பு. பிறகு சிறுநீர் போனால் எரிச்சல். உறவின்போது உள்ளே தோல் உரிவது போல வலி. நான் இவரைத் தள்ளிவிட்டேன். சில நாளில் இவர் படுக்கை ஹாலில் இருந்த திவான் கட்டிலுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதுகுவலி என்றார். என்னிடம், காபியை ஆற்றிக்கொண்டே, "நீ காஞ்சு போயிட்டே" என்றார். அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் நடந்தேன்.

கோயிலில் கூடும் பெண்களிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அந்தக் கடையை எப்பவோ சாத்தியாச்சுக்கா" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். வயதானவர்களின் உடல்நலம் பற்றிய கணக்கெடுப்பு. சுகர், பீபி, முழங்கால் எல்லாம் கேட்டு முடித்தவள், "ஆன்ட்டிஜி, அடுத்த கேள்விகள் அந்தரங்கமானவை. உங்ககிட்ட தனியாக் கேட்கணும்" என்றாள்.

இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. "எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன அந்தரங்கம்? கேளும்மா, நான் சொல்றேன்."

தாம்பத்திய உறவில் வலியோ வறட்சியோ இருக்கிறதா என்று கேட்டாள். அவள் ஹிந்தி எனக்குப் புரிந்தது. பதில் என் தொண்டை வரை வந்துவிட்டது. இவர் கேள்வியை எனக்குத் தமிழில் சொல்லவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லே. நாங்க இப்போ சாமியார் மாதிரி" என்று அவளிடம் சிரித்தார். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் டீ போட எழுந்துவிட்டேன்.

"சாருக்கு ஏதாவது தொந்தரவு?" என்று அவள் கேட்பது அடுப்படி வரை கேட்டது.

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்."

பிறகு ஒரு நாள் உள்ளாடையில் ரத்தக்கறை. அந்தப் பயத்தில்தான் முதலில் சொன்ன அந்த ஆஸ்பத்திரிக் கதவு வரை போனோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் கை போன இடத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "மாதாஜி, இத்தனை வருஷமா ஏன் வரலை?" என்றாள். வந்தேன், வேறொருவர் வாயோடு வந்தேன் என்று சொல்ல எனக்கு ஹிந்தி போதவில்லை.

பயாப்ஸி (சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்று இல்லை. அட்ரோபி (ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுபோவது) என்றார்கள். தடவிக்கொள்ள ஒரு க்ரீம் கொடுத்தார்கள். "நிறைய பேருக்கு வரும். சொல்றவங்கதான் கம்மி" என்றாள் டாக்டர். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னாள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. இவ்வளவுதானா என்று அழுதேன். ஒரு சின்ன ட்யூபுக்காகவா இத்தனை வருஷம்?

குளிர்கால வெயிலில் பால்கனியில் உட்கார்ந்து இவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்கு நல்லாயிடுச்சுங்க. இனிமே பயமில்லேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

இவர் நிமிரவில்லை. "எனக்கு நல்லாகலையே" என்றார்.

"உங்களுக்கு என்ன?"

"சுகர் வந்ததிலேருந்தே முடியலை. உனக்கு வலின்னதும், சரி, இப்படியே போகட்டும்னு விட்டுட்டேன்."

விறைப்புக் குறைபாடு (ஆணுறுப்பு போதிய அளவு விறைக்காமல் போவது) சர்க்கரை நோயாளிகளுக்கு வரக்கூடியதுதான். அதற்கும் வைத்தியம் உண்டு. இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"அப்போ காஞ்சு போனது யாரு?"

ஒரு பட்டாணி உருண்டு என் காலடியில் நின்றது. இவர் குனிந்து அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"டாக்டர்கிட்டே வாங்க. நான் கூட வந்து சொல்றேன்" என்றேன்.

"இந்த வயசுல போய் எவன்கிட்டே சொல்றது, விடு."

இவர் இன்னும் போகவில்லை. அந்தக் கணக்கெடுப்பில், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், நாங்கள் இரண்டு பேரும் அந்தரங்கமாக ஒரு குறையும் இல்லாத வயசானவர்கள். உங்கள் வீட்டுக்கும் அப்படி யாராவது கேட்டு வந்தால், பக்கத்தில் இருப்பவரைப் பால் வாங்க அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

இப்போது உட்கார்ந்தால் எரிவதில்லை. நடந்தால் உரசுவதில்லை. போன வருஷங்களைத் திரும்பிப் பார்த்தால், என் வலி எது, இவர் பொய் எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. உடம்பு அதையெல்லாம் மறந்துவிட்டது. தன்பாட்டில் நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் ஹாலுக்குப் போய், இவர் படுத்து எழுந்த திவான் விரிப்பை உதறி மடிப்பது மட்டும் இன்னும் நான்தான்.