ராகு காலத்தில் பூட்டிய அலமாரி

கேட்டு வந்த ஒரு பெண்ணுக்குப் புது ஊசி கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். அலமாரி நிறைய ஊசி இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். ராகு காலம்.

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கிரகணம் வெறும் நிழல் என்று பலகையில் படம் போட்டவன். பிறகு மாமல்லபுரத்தில் ஒரு தொண்டு அமைப்பின் அறையில் உதவிக்குச் சேர்ந்தேன். பாலியல் தொழில் செய்து, போதை ஊசியும் போட்டுக்கொள்ளும் பெண்கள் அங்கே வருவார்கள். ஒருத்தி போட்ட ஊசியை இன்னொருத்தி போட்டால் எச்.ஐ.வி. தொற்றலாம் என்பதால் புது ஊசியும் ஆணுறையும் கொடுப்போம். ராகு காலத்தில் அலமாரி திறக்கக் கூடாது என்பது, யாரும் கேட்காமல் நானே சேர்த்த விதி.

"பன்னெண்டுக்கு மேல வாம்மா," என்றேன்.

"இன்னா பெருசு, ஊசிக்கு முகூர்த்தம் பாக்குற? கண்ணாலமா பண்ணிவைக்கப் போற?"

அவள் அலமாரிக் கதவைத் தட்டினாள். நான் காலண்டரைக் காட்டினேன். போய்விட்டாள். பன்னிரண்டு அடித்ததும் அலமாரியைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன், வரவில்லை. தோழியின் ஊசியைப் போட்டுக்கொண்டதாக மறுநாள் சொன்னாள், சீப்பு இரவல் வாங்கியதைப் போல.

சில மாதம் கழித்துப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கு வந்துச்சோ, என்னிக்கு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்? அழுவாத பெருசு. ஆஸ்பத்திரிக்குக் கூட வா. தனியா போவ பேஜாரா கீது."

அன்றே அலமாரிச் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டினேன். மாதாமாதம் அவளோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுகிறேன். மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள், உடம்பும் தேறியிருக்கிறது. ஊசியை முழுசாக விடவில்லை. இரவல் மட்டும் வாங்குவதில்லை.

போன மாதம் மாத்திரை தரும் ஜன்னலுக்குப் பக்கத்தில், அவள் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெரு பஜனைக் கோஷ்டிக்காரர் அந்தப் பக்கம் வந்தார். மேலே இருந்த எச்.ஐ.வி. சிகிச்சைப் பலகையைப் படித்தார், டப்பாவைப் பார்த்தார்.

"சார், உங்களுக்கா?"

இல்லை என்றால் யாருக்கு என்று கேட்பார். அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

"ஆமாம்," என்றேன்.

பஸ்ஸில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "பெருசு, அப்ப மணி பதினொன்னு. வெள்ளிக்கெழம வேற. ராகு காலத்துல சொன்ன பொய் பலிக்குமா?"

பலித்துவிட்டது. அடுத்த பஜனையில் எல்லோருக்கும் சுண்டல் கையில் விழுந்தது. எனக்கு மட்டும் தொன்னையில் போட்டு, முழங்கையை நீட்டித் தந்தார்கள். வாங்கி, அப்படியே மடித்து, அவளுக்கு எடுத்துப்போனேன். உப்பு குறைச்சல் என்றாள்.