கடிச்சாயியும் பேச்சாயியும்

கோலாலம்பூருக்கு வந்த முதல் வாரம், நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறையின் காவலர் மாட் என்னைப் பார்த்து, "கெரெத்தா ஆங்கின் அடா?" என்று கேட்டார். கெரெத்தா என்றால் வண்டி, ஆங்கின் என்றால் காற்று, அடா என்றால் இருக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவைத்திருந்தேன். காற்று வண்டி இருக்கிறதா என்று கேட்கும் மனிதருக்கு என்ன பதில் சொல்வது? வானத்தைப் பார்த்துக் கையை விரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளைத் தட்டிக் காட்டினார். அதுதான் காற்று வண்டியாம். ரயில் நெருப்பு வண்டி. மலாய்க்காரர்களுக்கு உருளுவதெல்லாம் கெரெத்தாதான். எதனால் ஓடுகிறது, எது இழுக்கிறது என்று பின்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டால் பெயர் முடிந்தது.

நம் ஆட்களுக்கு அது போதாது. பிரிக்பீல்ட்சில் இருந்த எங்கள் இரும்புப் பட்டறை அம்பாங் ஈயச் சுரங்கங்களுக்கு வாளியும் தொட்டியும் செய்து கொடுத்தது. அங்கே வேலை செய்த தமிழர்களில் பாதிப் பேர் நாமக்கல், துறையூர்ப் பக்கத்தவர்கள். அந்தப் பக்கத்துப் பெண்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும்: அங்காயி, பாப்பாயி, மாரியாயி. அந்த 'ஆயி'யை நாங்கள் கப்பலில் கூடவே கொண்டுவந்துவிட்டோம். உலைக்குக் காற்றடிக்கும் மெஷின் ஊதாயி ஆனது. கடைசல் மெஷின் சுத்தாயி. தகட்டில் ஓட்டை போடுவது குத்தாயி. துரையின் அறையில் டெலிபோன் வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை; அது பிறக்கும்போதே பேச்சாயி. என்னோடு ஒரே அறையில் இருந்த வெள்ளைச்சாமியின் மனைவி பெயரும் பேச்சாயிதான். ஊரில் இருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம், "வெள்ளச்சாமி, ஒம் பொண்டாட்டி கூப்பிடுறா" என்று பட்டறையே கத்தும். அவனும் சளைக்காமல், "சோறு ஆக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க" என்பான்.

தகடு வெட்டும் மெஷினுக்குப் பெயர் வைத்தவன் நான். மேல்தாடை கீழ்த்தாடை என்று இரண்டு கத்தி. 'கடிச்சாயி' என்று சாக்கட்டியால் அதன் நெற்றியில் எழுதியும் வைத்தேன். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு காலை கடிச்சாயி வெள்ளைச்சாமியின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. துண்டைச் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உள்ளே அவனை உட்காரவைத்துவிட்டு, சட்டையில் இருந்த ரத்தத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதிவேடு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் இவனுக்கும் நடந்த பேச்சை வெள்ளைச்சாமி பிறகு எனக்குச் சொன்னான்.

"ஆர் உமக்கு இப்பிடிச் செய்தது?"

"கடிச்சாயிங்க. கையக் குடுத்தேன், கடிச்சிட்டா."

"அவ உம்மோட இருக்கிறவளோ?"

"ரெண்டு வருசமா கூடத்தாங்க இருக்கா. காலையில எண்ணெ வைக்காம விட்டுட்டேன், கோவம் வந்துருச்சு."

கட்டைப் பிரித்துப் பார்க்கும் முன்பே கிராணி சீட்டை எழுதிவிட்டார்: கூட வாழும் பெண்ணோடு சண்டை, பெண் கடித்த காயம். சீட்டு அன்றைக்கே எங்கள் துரையிடம் போனது. சண்டையில் அடிபட்டு வருகிறவனுக்கு அங்கே வேலை கிடையாது. அடுத்த கப்பலில் அவனை ஊருக்கு அனுப்பும்படி உத்தரவு வந்தது. மூன்று விரல் போய், பெண் விவகாரம் என்ற பெயரோடு பேச்சாயி முன்னால் போய் நிற்பதா? வெள்ளைச்சாமி அழவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பெயர் வைத்த வாய் என்னுடையது.

துரையிடம் என் அரைகுறை இங்கிலீஷில், "சார், கடிச்சாயி நோ லேடி. கடிச்சாயி மெஷின்" என்றேன். நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, அந்தப் பெண்ணும் நம் பட்டறையில்தான் வேலை செய்கிறாளா என்று கேட்டார். இது ஆகாது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, கிராணியின் காலில் விழாத குறையாக அவரைப் பட்டறைக்கு அழைத்து வந்தேன். மெஷின் முன்னால் நிறுத்தினேன். சாக்கட்டி எழுத்தை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். கீழ்க் கத்தியில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தார்.

"மெசினுக்கும் பொம்பிளையள்ட பேரோ? என்ன சனமப்பா நீங்கள்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மலையாளத்துக்காரனோ சீனனோ எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. அவர்கள் மறுபடியும் ஒருமுறை கேட்டிருப்பார்கள். ஆயி என்றால் பெண் என்று தெரிந்த தமிழரால்தான் இத்தனை சுத்தமாகத் தப்பு செய்ய முடிந்தது. அவர் துரையிடம் நல்ல இங்கிலீஷில் விளக்கி, சீட்டையும் மாற்றி எழுதினார்.

துரை சிரிக்கவில்லை. மெஷினருகே வந்து கத்தியைக் குனிந்து பார்த்தார். பிறகு, இரண்டு விரலால் டெலிபோனைத் தூக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். கப்பல் உத்தரவு ரத்தாகி, வெள்ளைச்சாமிக்கு டெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்தது. கடிச்சாயிக்கு இரும்புத் தடுப்பு போட்டார்கள். நெற்றி எழுத்தை நான் அழித்தேன், ஆனால் பெயர் போகவில்லை. மாட்கூடத் தன் சைக்கிளை இப்போது ஆங்கினாயி என்றுதான் கூப்பிடுகிறார்.

போன வாரம் வெள்ளைச்சாமிக்காக ஊருக்குக் கடிதம் எழுத, துரை இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய அறைக்குப் போனேன். டெலிபோன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"கை சொகமாயிருச்சு. இப்ப கஷ்டமான வேல இல்ல. பொழுதன்னைக்கும் பேச்சாயிகூடத்தான் உக்காந்திருக்கேன்."

பேனாவை நிறுத்தினேன். "அடப்பாவி, இத அப்படியே எழுதுனா அவ அடுத்த கப்பல்ல வந்து நிப்பாடா."

"அதுக்குத்தாண்ணே எழுதச் சொல்றேன்."

அப்போது மணி அடித்தது. மிஞ்சிய இரண்டு விரல்களால் அவன் அதை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, சியாப்பா?" என்று மலாயில் யாரென்று கேட்டான். நான் குனிந்து பேச்சாயி என்று எழுதினேன். எந்தப் பேச்சாயி என்று எழுதவில்லை.