கேட்டு வாங்கிய மிளகாய் நாற்று

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, சாம்பல் கலந்த மண்ணில் நான் வளர்த்த மிளகாய் நாற்றுகள் போன வாரம் பன்னிரண்டு இருந்தன.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாக்கா அதில் ஆறைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நான் மில்லிலிருந்து வந்துவிட்டேன்.

“தம்பி, நீ பாக்கலைன்னு வெச்சுக்கோ. அந்தப் பக்கம் திரும்பி நில்லு,” என்றார். “கேட்டு வாங்கினா செடி வளராது. திருடி நட்டாத்தான் காய்க்கும்.”

திரும்பி நின்றேன். வேறு என்ன செய்வது?

மீதி ஆறும், நான் பாசத்தோடு ஊற்றிய தண்ணீரில் தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. அவர் வீட்டு ஆறும் தளதளவென்று நிற்கின்றன. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தே அவருடைய கைராசியைப் புகழ்கிறது.

இன்று காலை எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, ஒன்றே ஒன்றைப் பிடுங்கக் குனிந்தேன். பின்னால் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“ஐயே, என்னா தம்பி இது! இதுக்குப் போயி திருடணுமா? கேட்டா குடுக்க மாட்டேனா?”

அவரே வேரோடு ஒன்றை எடுத்து, ஈரத்துணி சுற்றி, என் கையில் கொடுத்தார். வாங்கிவந்து நட்டேன். சாயங்காலத்துக்குள் அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கும் மில் நண்பர்களே, உங்கள் வீட்டில் மிளகாய் நாற்று இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நான் வரும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் போதும்.